பார்க் ராயலுக்குப் பதினெட்டு ரோல்ஸ்

ஜாவாவில் எழுதிய புரோகிராம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று பாடப்புத்தகங்களில் எழுதியிருக்கும். அது முழு உண்மையாக இருந்திருந்தால் நான் இந்நேரம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு மூன்று வகைச் சிப்புகள்தான். நாங்கள் ஆதரவு தருவது அவற்றில் சேராத ஒரு சிப்புக்கு. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் நம்பி வாங்கிய சிலர் இன்னும் அதை வைத்திருக்கிறார்கள். அது பழுதாவதில்லை, ஆகவே அவர்களும் மாற்றுவதில்லை. அதில் லினக்ஸ் ஓடுகிறது, லினக்ஸின் மேல் ஜாவா ஓட வேண்டும். ஜாவா புரோகிராமை ஓட ஓடவே சிப்பின் மொழிக்கு மாற்றித் தருகிற பகுதிக்குக் கம்பைலர் என்று பெயர். எங்கள் சிப்புக்கான கம்பைலரை எழுதி, திருத்தி, அதற்கு வருகிற போன்களையும் எடுப்பவர்கள் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கும் மூன்று பேர்.

ஒருவர் ஸ்ரீ அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்து மூன்று வயது, எங்கள் பிரிவுக்குத் தலைவர். இரண்டாவது கிளேர். குரொய்டனில் பிறந்து வளர்ந்தவள். ஒப்பந்தங்களைப் பார்ப்பவள். ஜாவா தெரியாது, ஆனால் வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை தெரியும். மூன்றாவது நான், ரேவதி, கோயம்புத்தூரிலிருந்து வந்து டூட்டிங்கில் குடியிருப்பவள். போனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிப் பிழைத்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

ஓடுகிற கம்ப்யூட்டர்

பழைய நிலப்படங்களைப் பாதுகாக்கிற ஒரு காப்பகம் எங்கள் வாடிக்கையாளர். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் மிஸ்டர் ஹாலம். மிக மரியாதையான மனிதர். படங்களைச் சுருக்கிக் காட்டும் புதிய புரோகிராம் ஒன்றை இறக்கினார்; சர்வரில் அது ஓடவில்லை. அதன் வயிற்றுக்குள் ஜாவாவில் எழுதப்படாத சிறு துண்டு ஒன்று இருந்தது. பொதுவான சிப்புகளுக்கு மட்டும் நேரடியாகச் செய்யப்பட்ட துண்டு. எங்கள் சிப்புக்கு அப்படி ஒன்றை யாரும் செய்து வைக்கவில்லை.

இதை அவருக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் லேப்டாப்பில் ஓடுகிறதே என்றார். லேப்டாப்பின் சிப் வேறு, சர்வரின் சிப் வேறு என்றேன். புரிந்தது என்று சொல்லி நன்றியோடு போனை வைத்தார். இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே குமிழ்த்தாளில் சுற்றப்பட்ட அவருடைய லேப்டாப், சார்ஜருடன். மூடியில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: "இது ஓடுகிற கம்ப்யூட்டர். இதைப் பார்த்து மற்றதற்குச் சொல்லிக்கொடுக்கவும்."

ரோல்ஸ் சட்டம்

நான் சேர்ந்த முதல் மாதமே ஒரு வாடிக்கையாளரின் தேதிகளையெல்லாம் ஒருநாள் பின்னால் தள்ளிவிட்டேன். சின்னத் திருத்தம்தான். என் லேப்டாப்பில் சரியாக ஓடியது. (ஆமாம், மிஸ்டர் ஹாலமைச் சொல்ல எனக்கு வாயில்லை.) விடிந்ததும் அலுவலகம் போய் ஸ்ரீ அண்ணையின் மேசை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பழைய கம்பெனியில் இதற்கென்றே ஒரு முறை இருந்தது. காரண அறிக்கை, பிறகு காரணத்துக்குக் காரணம், பிறகு எல்லோரும் தலைகுனிந்து உட்கார ஒரு கூட்டம். அண்ணை பாதியிலேயே கையை உயர்த்தினார்.

இங்கே அதெல்லாம் இல்லை என்றார். மாற்றுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவரவர் இனிஷியல் போட வேண்டும். பிழை வந்தால் அந்த வரியைத் திறந்து பார்க்க வேண்டும். யாருடைய இனிஷியலோ அவர் மறுநாள் டூட்டிங்கில் இலங்கைக் கடையில் ரோல்ஸ், அதாவது இறைச்சியோ காய்கறியோ உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்தது, வாங்கி வர வேண்டும். கிளேருக்கு மரக்கறி ரோல்ஸ். சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பிழையைப் பற்றி யாரும் பேசக்கூடாது. ஒரு சந்தேகம் கேட்டேன், பிழை சிப்பைச் செய்தவர்களுடையதாக இருந்தால்? அண்ணை யோசிக்காமல் சொன்னார்: "என்ர பிழையெண்டால் என்ர ரோல்ஸ். உம்மட பிழையெண்டால் உம்மட ரோல்ஸ். சிப்பின்ர பிழையெண்டால் அண்டைக்கு எல்லாரும் பட்டினி, பிள்ளை."

ஹீட்டர்

அந்த அபூர்வச் சிப்புள்ள கம்ப்யூட்டர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டைல்ஸ் வைத்திருந்த பின்னறையில், ஒரு அலமாரி அளவுக்கு நிற்கும். ஓடத் தொடங்கினால் அறை சூடாகிவிடும். எங்கள் சோதனைகள் எல்லாவற்றையும் அதில் ஒருமுறை ஓட்டி முடிக்க இரண்டு நாள் பிடிக்கும். வழக்கமாக மாதம் ஒருமுறை ஓட்டுவோம்.

போன வருடம் ஜனவரியில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. திருத்த ஆள் வியாழக்கிழமை வருவார் என்றார்கள், எந்த வியாழன் என்று சொல்லவில்லை. நாங்கள் மூவரும் நாற்காலிகளோடு பின்னறைக்குக் குடிபெயர்ந்தோம். சோதனைகளை ஓட்டினோம். முடிந்ததும் மறுபடி ஓட்டினோம். இயந்திரத்தின் முதுகில் கிளேரின் கையுறைகளும் அண்ணையின் காலுறைகளும் காய்ந்தன. மூன்று வாரம் இடைவிடாமல் ஓட்டியதில், எப்போதாவது மட்டும் தலைகாட்டுகிற நான்கு பிழைகள் அகப்பட்டுக்கொண்டன. இரண்டு என்னுடையவை, இரண்டு அண்ணையுடையவை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு மெயில் வந்தது. எந்தப் புதிய முறையைக் கையாண்டீர்கள், மற்றப் பிரிவுகளுக்கும் சொல்லலாமே என்று கேட்டிருந்தார்கள். கிளேர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பினாள்: "என்ன பதில் போட? எல்லோருடைய பாய்லரையும் உடைக்கச் சொல்லவா?"

ஒரு பயணி

தேம்ஸில் படகு விடுகிற ஒரு சிறு கம்பெனி புதிய டிக்கெட் கருவிகளை வாங்கியது. ஒரு எண்ணை நான்கு துண்டுகளாக்கித்தான் கம்ப்யூட்டர்கள் சேமிக்கின்றன. பெரும்பாலான சிப்புகள் சின்ன முனையிலிருந்து எழுதும். எங்களுடையது பெரிய முனையிலிருந்து எழுதும். இரண்டும் பேசிக்கொள்ளும்போது யாராவது நடுவில் நின்று துண்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். டிக்கெட் கருவி செய்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் முதல் படகில் ஒரே ஒரு பயணி ஏறினார். ஒன்று என்ற எண் தலைகீழானால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு ஆகும். படகுத்துறையில் இருந்த பெண் போன் செய்தாள். நான் பதறினேன், அவள் பதறவில்லை. "படகில் ஒரு பெரியவர்தான் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார், இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டர் சொல்வது சரியென்றால் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் லைஃப் ஜாக்கெட் வேண்டும்."

நான்கில் பெரியது

எங்களுக்கு மொத்தம் நான்கு வாடிக்கையாளர்கள். காப்பகம், படகு, கெண்ட்டில் ஒருபோதும் போன் செய்யாத ஒரு விதைக் கம்பெனி, பார்க் ராயலில் ஒரு பெரிய லாண்டரி. லண்டன் ஓட்டல்கள் பலவற்றின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அந்த லாண்டரியில்தான் வெளுக்கின்றன. சென்ற செப்டம்பரில் தலைமை அலுவலகம் ஒரு மெயில் அனுப்பியது. லாண்டரி பிப்ரவரி முடிவதற்குள் அடுத்த மூன்று வருடத்துக்குக் கையெழுத்திட்டால் எங்கள் பிரிவு இருக்கும், இல்லையென்றால் மூடப்படும். இந்தச் சிப்பைத் தவிர வேறு எதையும் அண்ணை இருபது வருடமாகத் தொட்டதில்லை. என் விசா இந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் அறுபது நாளில் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், அல்லது மகளை ஸ்கூலிலிருந்து எடுத்துக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டும். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க, பிப்ரவரியிலிருந்து பார்த்தால், இன்னும் பதினொரு மாதம்.

அந்த மெயில் வந்து ஒரு மாதத்தில் லாண்டரியிலிருந்து ஃபோலா போன் செய்தாள். அங்கே எல்லாவற்றையும் நடத்துபவள் அவள்தான். வெளுத்த துணி நிரம்பிய ஒவ்வொரு ட்ராலியும் எந்த ஓட்டலுக்குப் போக வேண்டும் என்று எங்கள் சிப்பில் ஓடும் ஜாவா புரோகிராம் சொல்லும். கொஞ்ச நாளாக, வாரத்துக்கு ஒன்றிரண்டு ட்ராலிகள் வேறு ஓட்டலுக்குப் போகின்றன என்றாள். எப்போது, எது என்று ஒரு ஒழுங்கும் இல்லை. எவ்வளவு மோசம் என்று கேட்டேன். "நேற்று மேஃபேரில் இருக்கிற ஒரு ஓட்டலுக்கு ரக்பி கிளப்பின் துண்டுகள் போய்விட்டன. அவர்கள் புகார் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

என் கடிதம்

லாண்டரியின் புரோகிராமைப் பதினான்கு வருடத்துக்கு முன்பு எழுதி இன்றுவரை கவனித்து வருபவர் டெரெக். அவர் அனுப்பிய வரிகளைப் படித்துப் பார்த்தேன். ஒரே விவரத்தை ஒரு பகுதி எழுத, இன்னொரு பகுதி படிக்கும் இடம் ஒன்று இருந்தது. எழுதி முடிவதற்குள் படித்துவிடாமல் தடுக்கும் காவல் அங்கே சரியாக இல்லையென்றால் இப்படித்தான் ஆகும். எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் பார்த்த தவறு. அண்ணை ஒரு கல்யாணத்துக்காக டொராண்டோ போயிருந்தார். நான் உட்கார்ந்து, பிழை உங்கள் பக்கத்தில்தான் என்று நான்கு அம்சங்களாக ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். கிளேர் கமாக்களைச் சரிபார்த்தாள்.

டெரெக் நான்கையும் செய்தார். ட்ராலிகள் தொடர்ந்து வழிதவறின. அவர் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி எழுதினார். அப்போதும் தவறின. ஜனவரி முடிவில் ஃபோலா சொன்னாள், மேல்மாடி நிர்வாகத்தினர் என் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். டெரெக்கை அனுப்பிவிட்டுப் புரோகிராமை ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுக்கப்போகிறார்கள். வெளிக் கம்பெனி வந்தால் முதல் வேலையாக எங்கள் சிப்பைத்தான் தூக்கிப்போடும் என்பது எனக்கும் தெரியும். மறுநாள் டெரெக்கே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "நீங்கள் சொன்ன நான்கையும் செய்துவிட்டேன். ஐந்தாவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைவரை இந்த நம்பரில் இருப்பேன்."

வலைத் தொப்பி

எங்கள் பின்னறை இயந்திரத்தில் அந்தப் பிழை ஒருமுறைகூட வரவில்லை. லாண்டரியில் இருப்பது எங்களுடையதைப் போல எட்டு மடங்கு பெரியது; ஒரே நேரத்தில் எட்டு மடங்கு வேலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடக்கும். அதனால் வியாழக்கிழமை காலை பார்க் ராயலுக்குக் கிளம்பினேன். வாசலில் ஒரு மஞ்சள் சட்டையும் தலைக்கு வலைத் தொப்பியும் கொடுத்தார்கள். உள்ளே மழைக்காலத்துச் சென்னை மாதிரி ஒரே புழுக்கம். டெரெக் தன் மேசையில் பாதியை ஒதுக்கித் தந்தார். தேநீர் கொண்டுவந்தார். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சந்தேகத்துக்குரிய அந்த ஒரு வேலையை மட்டும் ஓயாமல் செய்கிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதி ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் தவறியது. மறுபடி ஓட்டினேன், அரைமணியில் தவறியது. கம்பைலரை அணைத்துவிட்டு ஓட்டினேன். அப்போது ஜாவா நொண்டி நொண்டித்தான் ஓடும், ஆனால் எங்கள் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஓடும். வெள்ளி போய், சனி ஞாயிறு போய், திங்கள் மாலைவரை தவறவே இல்லை. அதற்குள் டெரெக் லாண்டரியின் உண்மையான புரோகிராமையும் கம்பைலர் இல்லாமலேயே ஓடவிட்டிருந்தார். ட்ராலிகள் ஆமை வேகத்தில், ஆனால் தத்தம் ஓட்டல்களை நோக்கிப் போயின. வரிசையில் நின்று ட்ராலிகளைத் தள்ளும் ஹலீனா என்ற அம்மா என்னருகே வந்து, நான்தான் கம்ப்யூட்டர்காரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்று அது மெதுவாக இருக்கிறது, ஆனால் புத்தியோடு இருக்கிறது. இப்படியே விட்டுவிட்டுப் போங்கள்."

இனிஷியல்

செவ்வாய்க்கிழமை மிச்சம் அலுவலகத்தில் கம்பைலரின் அந்தப் பகுதியைத் திறந்தேன். எங்கள் சிப்புக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு வேலை கொடுத்தால், தன் வசதிக்கு இரண்டாவதை முதலில் முடித்துவிடும். பொதுவான சிப்புகள் அவ்வளவு சுதந்திரம் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் கம்பைலர், வரிசை முக்கியமான இடங்களிலெல்லாம், முதலாவதை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்டளையை நடுவில் வைக்க வேண்டும். டெரெக்கின் புரோகிராம் அந்தக் காவலை முறைப்படி கேட்டிருந்தது, பதினான்கு வருடமாகவே. நாங்கள்தான் வைக்கவில்லை.

வைக்கவில்லை என்பதும் சரியில்லை. ஒரு காலத்தில் அந்தக் கட்டளை இருந்திருக்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்த இடத்தில் ஒரு குறிப்பு: "இங்கே தேவையில்லை. வேகத்துக்காக நீக்கினேன். ஆர்.கே." மூன்று வருடத்துக்கு முன்பு நான் போட்ட குறிப்பு. அந்த வேகத்துக்காகத் தலைமை அலுவலகம் என்னைப் பாராட்டியதும் நினைவிருக்கிறது. லாண்டரிக்காரர்கள் சென்ற இலையுதிர்காலத்தில்தான் எங்கள் புதிய பதிப்புக்கு மாறினார்கள். ட்ராலிகள் வழிதவறத் தொடங்கியதும் அப்போதுதான். ஸ்ரீ அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "ரோல்ஸ் ஆருடையது எண்டு இண்டைக்குக் கேக்கத் தேவையில்லை."

பொதுவான மேம்பாடுகள்

திருத்தம் ஒரு வரிதான், பத்து நிமிட வேலை. அதை எப்படி அனுப்புவது என்பதில் ஒரு முழுப் பகல் போனது. மூன்று வருட ஒப்பந்தம் பற்றிப் பேச லாண்டரியின் மேல்மாடியினர் வியாழக்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள். கிளேர் தெளிவாக இருந்தாள். "பொதுவான மேம்பாடுகள்" என்று தலைப்புப் போட்டுத் திருத்தத்தை அனுப்பு, ட்ராலிகள் சரியாகட்டும், கையெழுத்து வரட்டும், விவரம் பிறகு. அவள் தனக்காகச் சொல்லவில்லை. என் விசாத் தேதியை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பவள் அவள். அப்போது அதில் எனக்கும் தவறாக எதுவும் தோன்றவில்லை. மெயிலை அவள் சொன்ன தலைப்போடே எழுதி முடித்தேன். எழுதியபின் எழுந்துபோய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். வந்து பார்த்தபோது மெயில் அப்படியே இருந்தது. டெரெக்கின் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

அண்ணை என்ன சொல்வார் என்று பார்த்தேன். தலைவர் அவர்தான், அனுப்பு என்றால் அனுப்பியிருப்பேன். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கும் வேறு வேலை கிடைப்பது எளிதல்ல. அவர், எப்பிடி அனுப்பினாலும் திருத்தம் வேலை செய்யும், அந்த மனுசனுக்குப் போன பேர்தான் தானாத் திரும்பி வராது என்றார். நான் மெயிலை அழித்தேன். ஃபோலாவுக்குப் போன் செய்து, வியாழக்கிழமை கூட்டத்துக்கு நானும் வருகிறேன், டெரெக்கும் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கிளேர் தன் கம்ப்யூட்டரை அணைத்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சரி. ஆனால் வெறுங்கையோடு போகாதே. நம்முடைய சட்டம் பார்க் ராயலுக்கும் பொருந்தும்."

பதினெட்டு ரோல்ஸ்

வியாழன் காலை அப்பர் டூட்டிங் ரோட்டில் கடை திறந்தவுடன் போய் நின்றேன். பன்னிரண்டு மட்டன், ஆறு மரக்கறி என்றேன். வழக்கமாக நான் வாங்குவது ஆறு. கடைக்காரர் அடுக்கிக்கொண்டே, என்ன அக்கா, வீட்டில விசேசமோ என்று கேட்டார். இல்லை, வேலையில் ஒரு பிழை என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேளாமலே இரண்டு பாக்கெட் சாஸ் கூடுதலாக வைத்தார். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே இருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டு ஒருமுறை பெட்டியைப் பார்த்தார்கள்.

மேல்மாடியினர் ஐந்து பேர், ஃபோலா, ஓரத்தில் டெரெக். பெட்டியை மேசை நடுவில் வைத்தேன். பிழை எங்கள் கம்பைலரில் இருந்தது, அதைச் செய்தவள் நான், என் கடிதத்தின் நான்கு அம்சங்களும் தவறு, டெரெக் முதலில் எழுதியதே சரி என்று சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது இன்னும் நீளம், மறந்துவிட்டது. மேல்மாடிக்காரர் ஒருவர், அது என்ன பிழை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டெரெக் எந்தக் காவல் என்று கேட்டார், சொன்னேன், அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். ஃபோலா அவர்கள் பக்கம் திரும்பி, ட்ராலியில் துணி வைப்பதற்கு முன்பே ஓட்டல் சீட்டை ஒட்டிவிட்டார்கள், நம் ஆட்களும் முதல் வாரத்தில் இதைத்தான் செய்வார்கள் என்று விளக்கினாள். நான் மூன்று நாளாகத் தேடிய உதாரணம் அது.

யாரும் பெட்டியைத் தொடவில்லை. டெரெக் எழுந்து வந்து மூடியைத் திறந்தார், ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார், மெதுவாக மென்று விழுங்கினார். "பதினான்கு வருடத்தில் இந்த அறையில் யாரும் 'தவறு என்னுடையது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இது என்ன, ஆட்டிறைச்சியா?"

பிற்சேர்க்கை மூன்று

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு ட்ராலியும் வழிதவறவில்லை. மேஃபேர் ஓட்டலிலிருந்து மட்டும், சில மாதங்களுக்கு முன்பு வந்த தடித்த துண்டுகள் இனிக் கிடைக்காதா என்று கேட்டார்களாம். டெரெக் தன் மேசையிலேயே இருக்கிறார். பிப்ரவரி கடைசி நாள் ஒப்பந்தம் வந்தது. மூன்று வருடத்தை அடித்துவிட்டு ஒரு வருடம் என்று போட்டிருந்தார்கள். பார்த்துச் செய்யலாம் என்று மேல்மாடி நினைத்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைமை அலுவலகம் முகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரு வருடத்தை ஏற்றது. எனக்குத் தேவை பதினொரு மாதம், வருடத்துக்குப் பன்னிரண்டு. அண்ணைக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தவில்லை. அடுத்த பிப்ரவரிக்கு முன் ஐந்தாவது வாடிக்கையாளர் ஒருவரைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிக்கொண்டு, இப்போது போன் மணியடித்தால் எங்களுக்கு முன் ஓடிப்போய் எடுக்கிறார்.

ஒப்பந்தத்தில் ஃபோலா ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னாள். பிழை எங்களுடையதானால் கடிதம் எழுதக் கூடாது. பிழை செய்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும், ரோல்ஸோடு. கிளேர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதைப் பிற்சேர்க்கை மூன்றாகத் தட்டெழுதி, இரு பக்கமும் கையெழுத்து வாங்கினாள். ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்துச் சட்டப் பிரிவிலிருந்து, ஒருவரும் சிரித்த அடையாளமில்லாத ஒரு மெயில் வந்தது. "பிற்சேர்க்கை மூன்றில் குறிப்பிட்டுள்ள 'ரோல்ஸ்' எந்த வகைச் சாதனம் என்பதையும், ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் போதுமான அளவு நம்மிடம் இருப்பில் உள்ளதா என்பதையும் தெரிவிக்கவும்."

அடுத்தவருக்குப் பிழை சொல்லிக் கடிதம் எழுத உட்காரும்போது, முதலில் அந்த வரியைத் திறந்து பக்கத்தில் யாருடைய இனிஷியல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது, ரயிலில் சூடான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லண்டனைக் குறுக்கே கடக்கிற வேலையைக் கொஞ்சம் குறைக்கும்.